தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கை: வரம்பு மதிப்பெண் முறையின் வரலாறு

கல்வி வரலாற்றை எழுதுவோர் பல்கலைக்கழகங்களின் தோற்றம், துணைவேந்தர்களின் பணி, பாடத்திட்ட மாற்றம் ஆகியவற்றில் காட்டும் அக்கறையை மாணவர் சேர்க்கையில் காட்டுவதில்லை. சேர்க்கை என்பது ஆண்டுதோறும் கோடை முடிவில் நடந்தேறும் அலுவலகப் பணியாகவே கருதப்பட்டு வருகிறது. ஆயின், ஒரு கல்லூரியின் வாயிலில் யார் நிற்கலாம், யார் திரும்பிச் செல்ல வேண்டும் என்பதை உறுதிசெய்யும் விதி எளிய அலுவலக விதியன்று. அவ்விதியை வகுக்கும் உரிமை யாரிடம் இருந்தது, அதனால் நேர்ந்த பிழையின் சுமையை யார் தாங்கினர் என்னும் இரு வினாக்களைத் தில்லிப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை முன்வைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. ‘கட்-ஆஃப்’ என்று வழக்கில் அறியப்படும் குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண் இங்கு ‘வரம்பு மதிப்பெண்’ எனக் குறிக்கப்படுகிறது.

முதல்வரின் மேசை

தில்லிப் பல்கலைக்கழகம் 1922ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. ஹரி சிங் கௌர் அதன் முதல் துணைவேந்தர். செயிண்ட் ஸ்டீஃபன்ஸ் (1881), இந்து கல்லூரி (1899), ராம்ஜஸ் கல்லூரி (1917) ஆகிய மூன்றும் பல்கலைக்கழகத்திற்கு மூத்தவை. பல்கலைக்கழகம் பிறந்தபோது இவற்றில் பயின்றோர் ஏறத்தாழ 750 பேர் மட்டுமே. கல்லூரிகள் முன்னே பிறக்கப் பல்கலைக்கழகம் பின்னே வந்தது என்னும் இச்செய்தி கருதத்தக்கது. மாணவரைச் சேர்க்கும் உரிமை கல்லூரிக்கு இயல்பாகவே உரியதாக இருந்தது. அதனைப் பல்கலைக்கழகம் வழங்கியதாகக் கொள்ள இடமில்லை. 1938 முதல் 1950 வரை துணைவேந்தராக இருந்த மோரிஸ் குவையர் காலத்தில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு வந்தது. மிராண்டா ஹவுஸ் மகளிர் கல்லூரி 1948இல் உருவாயிற்று. எனினும் சேர்க்கை முதல்வரின் மேசையிலேயே நடந்தது. மாணவர் எண்ணிக்கை சிறிதாக இருந்தவரை மதிப்பெண், பள்ளியின் பெயர், நேர்காணல், குடும்ப அறிமுகம் ஆகியவற்றைக் கலந்து முதல்வர் முடிவு செய்தார். இம்முறையில் நன்மையும் உண்டு. தன் விருப்பம் செலுத்துவதற்கு எல்லையற்ற இடமும் உண்டு.

நாட்டுப் பிரிவினை இந்நிலையைக் குலைத்தது. புலம்பெயர்ந்து தில்லியில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரிகள் தேவைப்பட்டன. ஹன்ஸ்ராஜ் (1948), தேஷ்பந்து (1952), கிரோரி மல் (1954), தயாள் சிங் (1959) எனக் கல்லூரிகள் வரிசையாகத் தோன்றின. இவற்றுள் தேஷ்பந்து கல்லூரி இடம்பெயர்ந்தோரின் தேவைக்கெனவே தொடங்கப்பெற்றது. கல்லூரியில் இடம் கிடைக்காத மகளிருக்கு 1940களில் ஏற்பட்ட கல்லூரிசாரா மகளிர் கல்வி வாரியமும், ஏனையோருக்கு 1962இல் ஏற்பட்ட அஞ்சல்வழிக் கல்வி நிறுவனமும் வழி காட்டின. பிந்தைய இவ்விரண்டும் பல்கலைக்கழக வரலாற்றில் ஓரமாகவே பேசப்படுகின்றன. ஆனால், கல்லூரிகளின் வாயில் குறுகக் குறுக அவற்றின் வாயில் அகன்றது. சேர்க்கை வரலாற்றை எழுதும்போது வெளியே நின்றவர் எங்குச் சென்றார் என்பதையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

1980ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைகளும் நீதிமன்றமும்

மாணவர் தொகை பெருகியபோது முதல்வர்தம் விருப்பத்தின்மீது ஐயம் எழுந்தது. சேர்க்கை தகுதித் தேர்வின் மதிப்பெண்ணை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு நடைபெற வேண்டும் எனவும், விண்ணப்பம் பெறும் இறுதி நாள் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் எனவும் பல்கலைக்கழகம் 1980இல் சுற்றறிக்கைகள் விடுத்தது. செயிண்ட் ஸ்டீஃபன்ஸ் கல்லூரி இவற்றை ஏற்கவில்லை. தன் நேர்காணல் முறையையும் கிறித்தவ மாணவர்க்கு அளிக்கும் முன்னுரிமையையும் சிறுபான்மை நிறுவனத்திற்குரிய அரசமைப்புச் சட்ட உரிமையாக அது முன்வைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று 1991 திசம்பரில் முடிவுற்றது. சுற்றறிக்கைகள் கல்லூரியைக் கட்டுப்படுத்தா, நேர்காணல் செல்லும், தன் சமுதாய மாணவர்க்குக் கல்லூரி 50 விழுக்காட்டுக்கு மிகாமல் இடமளிக்கலாம் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. அவ்வரம்பின் இறுக்கத்தை 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு தளர்த்தியது.

இத்தீர்ப்பைச் சிறுபான்மையர் உரிமை என்னும் நோக்கில் மட்டுமே பலரும் அணுகியுள்ளனர். அதன் மறுபக்கம் இங்கு முதன்மையானது. ஒரு கல்லூரிக்கு விலக்குக் கிடைத்த அதே காலத்தில் பிற கல்லூரிகளுக்கு மதிப்பெண் ஒன்றே அளவுகோலாக நிலைபெற்றது. முதல்வரின் விருப்பத்துக்கு மாற்றாக எண் வந்தது. எண்ணுக்குச் சாதியும் குடும்பமும் தெரியா என்ற நம்பிக்கை இம்மாற்றத்திற்கு அறவலிமை தந்தது. அந்நம்பிக்கை முற்றிலும் பொய்யன்று. ஆயின் அந்த எண்ணை வழங்குவோர் பள்ளித் தேர்வு வாரியங்கள் என்பதை அன்று எவரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

வரம்பு மதிப்பெண் இயங்கிய வகை

தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் பின்பற்றப்படும் தரவரிசை முறைக்கும் தில்லி முறைக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. தரவரிசை முறையில் விண்ணப்பித்தோர் அனைவரும் மதிப்பெண் வரிசைப்படி நிறுத்தப்பட்டு, இடங்கள் நிரம்பியதும் கலந்தாய்வு நின்றுவிடும். தில்லியிலோ கல்லூரி ஓர் எல்லையை முன்கூட்டியே அறிவிக்கும். ஒரு படிப்புக்கு 96.75 விழுக்காடு என்று அறிவித்தால், குறித்த நாள்களுக்குள் அம்மதிப்பெண்ணுடன் வரும் எவரையும் கல்லூரி திருப்பி அனுப்புதல் இயலாது. ஐம்பது இடங்களே இருந்து நூற்றைம்பது பேர் வந்தாலும் அனைவரையும் சேர்த்தாக வேண்டும். முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பதும் இல்லை. இடம் எஞ்சினால் அடுத்த பட்டியலில் எல்லை கால் விழுக்காடோ அரை விழுக்காடோ குறைக்கப்படும். இவ்வாறு ஐந்து பட்டியல்களும், சில ஆண்டுகளில் அவற்றிற்கு மேலும் வெளிவந்தன.

மாணவர் பக்கத்தில் இது பெரும் அலைச்சலாக முடிந்தது. முதற்பட்டியலில் ஒரு கல்லூரியில் சேர்ந்தவர் இரண்டாம் பட்டியலில் தாம் விரும்பிய கல்லூரியின் எல்லை இறங்கியிருக்கக் கண்டால், முதற்கல்லூரியில் சேர்க்கையை நீக்கி, மூலச் சான்றிதழ்களை மீட்டு, நகரின் மறுகோடிக்கு விரைந்து, அலுவலகம் மூடுமுன் பணம் செலுத்த வேண்டியிருந்தது. தில்லியில் உறவினர் இல்லாத வெளிமாநில மாணவர்க்கு இதன் செலவு கல்விக் கட்டணத்தைக் காட்டிலும் மிகுதி. 2016 முதல் விண்ணப்பம் முழுமையாக இணையவழிக்கு மாறிய பின்னரே இவ்வலைச்சல் ஓரளவு தணிந்தது.

கல்லூரி பக்கத்தில் இது ஓர் ஊகத் தொழில். எல்லையைத் தாழ்த்தி வைத்தால் வெள்ளம்போல் மாணவர் வந்து சேர்வர். வகுப்பறை, ஆய்வகம், ஆசிரியர் எதுவும் போதா. உயர்த்தி வைத்தால் அடுத்த பட்டியலில் குறைத்துக்கொள்ளலாம். தாழ்த்தியதன் பிழை மூன்றாண்டுகளுக்குத் தொடரும். உயர்த்தியதன் பிழை மூன்று நாளில் திருந்தும். எனவே ஐயம் தோன்றியபோதெல்லாம் கல்லூரிகள் உயரத்தையே தேர்ந்தன. நூறு விழுக்காடு என்னும் வியப்புக்குரிய எல்லை பிறந்த இடம் இதுவே.

2011ஆம் ஆண்டு நிகழ்வு இதற்குத் தக்க சான்று. அவ்வாண்டு பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு முந்தைய விண்ணப்பப் படிவத்தை நீக்கியது. மாணவர் படிவம் வாங்க வரிசையில் நிற்பதைத் தவிர்க்கும் நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆனால், எத்தனை பேர் எத்தகைய மதிப்பெண்களுடன் வரவுள்ளனர் என்பதைக் கல்லூரிகள் அறிய இருந்த ஒரே வழி அப்படிவம்தான். அது நீங்கவே கல்லூரிகள் கண்கட்டிய நிலையில் எல்லை வகுத்தன. ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் பயிலாதோர் வணிகவியல் சிறப்புப் பட்டப்படிப்பில் சேர 100 விழுக்காடு வேண்டும் என முதற்பட்டியலில் அறிவித்தது. நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது; அப்போதைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபலும் இதனைக் குறைகூறினார். கல்லூரியின் செருக்கு என்றே பலரும் இதனைப் பேசினர். கட்டுரையாளர் கருத்தில் அது செருக்கினும் அச்சத்தையே காட்டுகிறது. விண்ணப்ப முறை பின்னர் மீண்டும் கொண்டுவரப்பட்டமை இக்கருத்துக்கு அரண் செய்யும்.

இடஒதுக்கீட்டு இடங்களும் எல்லையும்

உயரத்தைத் தேரும் இவ்வியல்பு எல்லா மாணவரையும் ஒரே வகையில் தாக்கவில்லை. பொதுப்பிரிவில் எல்லை படிப்படியாக இறங்கி இடங்கள் நிரம்பின. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்குரிய இடங்களில் எல்லை தேவையான அளவு இறங்காமல், பட்டியல்கள் முடிந்த பின்னும் காலியிடங்கள் எஞ்சியதுண்டு. அவற்றை நிரப்பச் சிறப்புச் சேர்க்கைகள் நடத்த வேண்டியிருந்தது. அதற்குள் பல மாணவர் வேறிடம் சென்றிருப்பர். மத்தியக் கல்வி நிறுவனங்கள் சட்டம் 2006இல் இயற்றப்பட்டு, 2008 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றபின், பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்க்கு 27 விழுக்காடு படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பொதுப்பிரிவு இடங்கள் குறையாதிருக்க மொத்த இடங்கள் கூட்டப்பட்டன. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்க்கு 2019இல் 10 விழுக்காடு வந்தபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வோர் எல்லை என்றானபின், ஒரே படிப்புக்கு ஒரு கல்லூரி ஒரு பட்டியலில் செய்ய வேண்டிய ஊகங்கள் ஐந்தாறாயின. இடங்கள் கூடிய அளவுக்குக் கட்டடங்களும் நிலையான ஆசிரியப் பணியிடங்களும் கூடவில்லை என்பது தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு.

எண் பொருளிழந்த ஆண்டு

வரம்பு மதிப்பெண் முறை நம்பியிருந்த அடித்தளம் பள்ளி வாரியங்களின் மதிப்பெண். அம்மதிப்பெண்கள் ஆண்டுக்காண்டு வீங்கின. மதிப்பெண்ணைச் செம்மைப்படுத்தித் தரும் வழக்கத்தைக் கைவிட நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2017இல் முயன்றது. அவ்வாண்டுக்கு அது தொடர வேண்டும் எனத் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2020இல் லேடி ஸ்ரீராம் கல்லூரி மூன்று படிப்புகளுக்கு 100 விழுக்காட்டை எல்லையாக்கியது.

2021இல் பெருந்தொற்றால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வே நடைபெறவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மூன்று வகுப்புகளின் பதிவுகளை 30:30:40 என்னும் வீதத்தில் சேர்த்து நடுவண் வாரியம் மதிப்பெண் வழங்கியது. 2020இல் 38,686 பேர் 95 விழுக்காட்டுக்கு மேல் பெற்றிருக்க, 2021இல் அத்தொகை 70,004 ஆயிற்று. இது ஒரு வாரியத்தின் கணக்கு மட்டுமே. பல்கலைக்கழகத்தின் இளநிலை இடங்கள் மொத்தமும் ஏறத்தாழ 70,000 என்பதை இதனுடன் ஒப்பிட்டு நோக்கலாம். இந்து கல்லூரி அரசியல் அறிவியலுக்கும், ஸ்ரீராம் கல்லூரி பொருளியல், வணிகவியல் ஆகியவற்றுக்கும் 100 விழுக்காடு எல்லை வகுத்தன. நூற்றுக்கு மேல் எல்லை வகுக்க இயலாதாகலின் அங்குக் கல்லூரியின் காப்பு முடிந்தது. நூறு பெற்ற மாணவர், குறிப்பாகக் கேரள வாரியத்தில் பயின்றோர், இந்து கல்லூரியின் இடங்களை விஞ்சிய தொகையில் வந்தனர். அவர்கள் வந்தது விதிப்படியே. எனினும் அவர்தம் மதிப்பெண்ணையும் மாநிலத்தையும் இழித்துப் பேசும் பேச்சுகள் எழுந்தமை வருந்தத்தக்கது.

நுழைவுத் தேர்வும் கணினி ஒதுக்கீடும்

மிகைச் சேர்க்கையையும் குறைச் சேர்க்கையையும் ஆராயப் பல்கலைக்கழகம் ஒரு குழு அமைத்தது. நுழைவுத் தேர்வு முறைக்கு 2021 திசம்பரில் பல்கலைக்கழகக் கல்விக்குழு ஒப்புதல் அளித்தது. மத்தியப் பல்கலைக்கழகங்கள் அனைத்திற்கும் பொதுத் தேர்வு உண்டு எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 மார்ச்சில் அறிவித்தது. தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் தேர்வு நடந்தது. இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. ஊரக மாணவர் நலன் கருதித் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கிப் பள்ளி மதிப்பெண்ணுக்குத் திரும்பியது. தில்லியோ பள்ளி மதிப்பெண்ணில் நம்பிக்கையிழந்து நுழைவுத் தேர்வுக்குச் சென்றது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் பாடத்திட்டத்தை அடியொற்றிய தேர்வு மாநில வாரிய மாணவர்க்குப் பாதகம் என 2022 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் இயற்றியது. வினாத்தாள் தமிழில் இருந்தும் பாடநூல் வேறாயின் மொழியால் விளையும் பயன் சிறிதே.

புதிய முறையில் வரம்பு மதிப்பெண் மறைந்தது. மாணவர் தம் விருப்ப வரிசையைப் பதிவு செய்வர். பல்கலைக்கழகக் கணினி இடத்தை ஒதுக்கும். முதலாண்டில் ஒதுக்கீடு அக்டோபரில் நடைபெற, வகுப்புகள் நவம்பர் 2ஆம் நாளே தொடங்கின. செயிண்ட் ஸ்டீஃபன்ஸ் கல்லூரியின் பழைய வழக்கு புதிய வடிவில் மீண்டது. சிறுபான்மையர்க்கு அல்லாத இடங்களை நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணால் மட்டுமே நிரப்ப வேண்டும் எனவும், சிறுபான்மையர் இடங்களுக்கு நேர்காணலுக்கு 15 விழுக்காடு தரலாம் எனவும் தில்லி உயர் நீதிமன்றம் 2022 செப்டம்பரில் ஆணையிட்டது.

ஊகம் மட்டும் மறையவில்லை. இடம் பெற்றோருள் சிலர் வாரார் எனக் கருதிப் பல்கலைக்கழகம் தொடக்கச் சுற்றுகளில் இடங்களின் எண்ணிக்கைக்கு மேலாகவே ஒதுக்கலாயிற்று. முன்பு கல்லூரி செய்த கணிப்பை இப்போது பல்கலைக்கழகம் செய்தது. கணிப்பின் விளைவு கல்லூரியிடமே வந்தது. 2024இல் இவ்வாறு தன்னிடம் மிகுதியாக ஒதுக்கப்பட்ட மாணவர் சிலரைச் செயிண்ட் ஸ்டீஃபன்ஸ் சேர்க்க மறுத்தது. வகுப்புகள் தொடங்கிய பின்னும் எந்தக் கல்லூரியிலும் அமர இயலாது நின்ற அம்மாணவர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். அவர்கள்பால் தவறேதும் இல்லை எனக் கண்ட தனி நீதிபதி, அவர்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு அவ்வாண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்தார்.