ஹட்டன் அனுப்பிய முதல் அமைச்சர்

மலையகத்திலிருந்து வந்த முதல் அமைச்சர் யார் என்று கேட்டால், நம்மில் பலரும் தொண்டமான் ஐயாவின் பெயரைத்தான் சொல்வோம். ஆனால் அவருக்கு 47 வருடங்களுக்கு முன்பே, 1931 இல், ஹட்டன் தொகுதி ஓர் அமைச்சரை அனுப்பியிருக்கிறது. அவர் பெயர் பெரி சுந்தரம். மடுல்கலைத் தோட்டப் பகுதியில் பிறந்து, கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து, பாரிஸ்டரானவர்.

1931 இல்தான் டொனமூர் அரசியலமைப்பின்படி 21 வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. "எல்லோருக்கும்" என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். நம் தோட்டத்து மக்களோ, இங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கிறோம் என்று காட்டினால்தான் இடாப்பில் பெயர் வரும். அதையும் தாண்டி ஒரு இலட்சம் பேரளவில் பதிவானார்கள். ஹட்டனில் பெரி சுந்தரமும் தலவாக்கலையில் எஸ்.பி. வைத்திலிங்கமும் தெரிவானார்கள்.

அன்று பிரதமர் கிடையாது. ஆளுநருக்கும் மூன்று அரச அதிகாரிகளுக்கும் அடுத்தபடியாக ஏழு அமைச்சர்கள். அரசாங்க சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தனக்கொரு தலைவரை வாக்களித்துத் தெரிவு செய்யும். அவரே அமைச்சர். அதாவது, தொகுதியில் ஜெயித்தால் மட்டும் போதாது. ஓர் அறைக்குள் இருக்கும் ஏழெட்டுப் பேரின் வாக்கும் வேண்டும். அப்படித்தான் பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வணிக அமைச்சரானார். மட்டக்களப்பு தெற்கிலிருந்து வந்த மாக்கான் மாக்கார் போக்குவரத்து, பொதுவேலைகள் அமைச்சரானார். வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு தரும் 1934 ஆம் ஆண்டுச் சட்டமும், 1935 இன் தொழிற்சங்கச் சட்டமும் பெரி சுந்தரம் தொழில் அமைச்சராக இருந்தபோது வந்தவை.

1936 இல் அதே அறைகள் வேறு விதமாக முடிவெடுத்தன. எந்தக் குழுவில் யார் அமர்வது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, ஏழு குழுவிலும் சிங்களத் தலைவர்களே வரும்படி செய்தார்கள். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம், அதுவும் ஒரு தமிழர், என்று பரவலாகச் சொல்லப்படுகிறது!

இதில் கவனிக்க வேண்டியது, மலையகம் அந்த வருடம் ஆசனத்தை இழக்கவில்லை. ஹட்டனில் கோ. நடேசய்யர் தெரிவானார். அமைச்சுதான் போனது. பிறகு 1948 இல் குடியுரிமை போனது, அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1947 இல் ஏழு பேரை அனுப்பிய தோட்ட மக்களால் 1952 இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. மலையகத் தமிழர் ஒருவர் மீண்டும் அமைச்சரானது 1978 இல்தான்.