தேசாதிபதி, மகாதேசாதிபதி, சனாதிபதி

இலங்கைத் தமிழில் கவர்னருக்குத் தேசாதிபதி என்றும் கவர்னர் ஜெனரலுக்கு மகாதேசாதிபதி என்றும் பெயர் இருந்தது. தேசம், அதிபதி என்னும் இரு வடசொற்கள் புணர்ந்தது தேசாதிபதி. அதிபதி என்றால் தலைவன், உடையவன். பிரித்தானிய முடியோடு இலங்கைக்கு இருந்த உறவு மாறியபோது இப்பதவிப் பெயரும் மாறியது. ஆனால் பெயரின் பெருமையும் பதவியின் வலிமையும் ஒரே திசையில் செல்லவில்லை.

ஒல்லாந்தரிடமிருந்த கரையோர மாகாணங்களைப் பிரித்தானியர் 1796இல் கைப்பற்றினர். 1798இல் பிரடெரிக் நோர்த் முதல் பிரித்தானியத் தேசாதிபதியாக வந்தார். 1802இல் அப்பகுதி முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. 1815இல் கண்டி இராச்சியமும் பிரித்தானியர் வசமானது. அக்காலத் தேசாதிபதி பெயருக்கேற்ற அதிபதியே. 1833இல் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தால் சட்டநிரூபண சபை அமைந்தது. அதில் உத்தியோகத்தர் 9 பேர், உத்தியோகப் பற்றற்றோர் 6 பேர். ஆகவே சபை தேசாதிபதியின் கைக்குள்ளேயே இருந்தது. 1931இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமை தந்தபோதும், சட்டங்களுக்குச் சம்மதம் மறுக்கவும் தேவையெனக் கருதினால் தாமே சட்டம் பிறப்பிக்கவும் தேசாதிபதிக்கு அதிகாரம் இருந்தது.

1948 பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை டொமினியன் அந்தஸ்துப் பெற்றது. அதுவரை தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி மொங்க்-மேசன் மூர் அன்று மகாதேசாதிபதியானார். ஆள் அவரேதான்; பெயரில் 'மகா' கூடியது, அதிகாரம் குறைந்தது. தேசாதிபதி லண்டனிலிருந்த குடியேற்ற நாட்டு அமைச்சருக்குப் பொறுப்பானவர். மகாதேசாதிபதியோ முடியின் பிரதிநிதியாக, கொழும்பிலுள்ள பிரதமரின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். 1954இல் சேர் ஒலிவர் குணதிலக்க இப்பதவியேற்ற முதல் இலங்கையரானார்.

முடியும் இக்காலத்தில் உருமாறியது. 1953 முதல் இரண்டாம் எலிசபெத் 'இலங்கையின் இராணி' என்ற தனிப்பட்டம் கொண்டார். 1954 ஏப்ரலில் அவர் கொழும்புக்கு வந்து, தமது முடிசூட்டு விழா ஆடையை அணிந்தே பாராளுமன்றக் கூட்டத்தொடரைத் தொடக்கிவைத்தார். அவ்வாடையில் இலங்கையைக் குறிக்கும் தாமரைப் பூவேலையும் இருந்தது. மற்றக் காலங்களில் கூட்டத்தொடரைத் தொடக்கிவைக்கும் சிம்மாசனப் பிரசங்கம் நிகழ்த்துவது மகாதேசாதிபதியின் கடமையாக இருந்தது.

பிரதமர் பதவி வெற்றிடமானாலோ சபையில் பெரும்பான்மை கலைந்தாலோ மகாதேசாதிபதியின் முடிவுக்குக் கனம் கூடியது. 1952இல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க இறந்ததும், மூத்த அமைச்சர் சேர் ஜோன் கொத்தலாவலையை விட்டு, அவருடைய மகன் டட்லி சேனநாயக்கவைப் பிரதமராக அழைத்தவர் அன்றைய மகாதேசாதிபதி சோல்பரி பிரபு. 1960 ஏப்ரலில் டட்லியின் சிறுபான்மை அரசு சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் தோற்றபோது, குணதிலக்க எதிர்க்கட்சியை ஆட்சியமைக்க அழைக்காமல் பாராளுமன்றத்தைக் கலைத்தார்.

முடியோடிருந்த பிணைப்புகள் 1971இலிருந்து அறுந்தன. அவ்வாண்டு லண்டன் கோமறைக் கழகத்துக்கு (பிரிவி கவுன்சில்) மேன்முறையீடு செய்யும் வழக்கம் ஒழிந்தது, பாராளுமன்றத்தின் மேற்சபையான மூதவையும் நீக்கப்பட்டது. 1972 மே 22இல் குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தது. அரசியல் நிர்ணய சபை ஆக்கிய அந்த யாப்புக்கு இராணியின் சம்மதம் கோரப்படவில்லை. கடைசி மகாதேசாதிபதி வில்லியம் கோபல்லாவ முதல் சனாதிபதியானார். மகாதேசாதிபதியின் வாசஸ்தலமான இராணி மாளிகை சனாதிபதி மாளிகையாயிற்று. பெயரில் தேசம் இருந்த இடத்தில் சனம் வந்தது. எனினும் இச்சனாதிபதியைச் சனங்கள் தெரிவுசெய்யவில்லை, பிரதமரே நியமித்தார். பதவியும் பெயரளவில் இருந்தது.

1978இல் நிலை தலைகீழானது. பெப்ரவரி 4ஆம் திகதி அன்றைய பிரதமர் ஜே. ஆர். ஜயவர்தன நிறைவேற்று அதிகாரம் கொண்ட சனாதிபதியானார். செப்டெம்பரில் புதிய யாப்பு நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறாமலே பதவி அமைச்சரவைத் தலைமையையும் தன்னிடம் கொண்டது. சனங்கள் நேரடியாக வாக்களித்த முதல் சனாதிபதித் தேர்தல் 1982இல் நடந்தது.

1987இல் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளை ஏற்படுத்தியபோது, மாகாணத்துக்கொரு கவர்னர் வேண்டியிருந்தது. அவரை நியமிப்பவர் சனாதிபதி. அப்பதவிக்குத் தமிழில் ஆளுநர் என்ற பெயரே நிலைத்தது. தேசாதிபதி என்னும் சொல் வரலாற்றுப் பாடநூல்களோடு நின்றுவிட்டது.