உருகும் பனியின் விளிம்பில்

ஆண்டில் நான்கைந்து மாதங்கள் நீரே நிலமாகிவிடும் நாடுகள் உலகில் உண்டு. சுவீடன், பின்லாந்து, கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள் ஆகியவற்றில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஏரிகள் உறையத் தொடங்கும். கோடையில் படகு சென்ற வழியில் மனிதர் நடந்து செல்வர். பனித்தளத்தில் துளையிட்டுத் தூண்டிலோ வலையோ இறக்கி மீன்பிடிப்பர். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் ஏற ஏற, அவர்கள் உள்ளத்தில் இரண்டு கேள்விகள் எழும். இதன்மேல் இன்னும் எத்தனை நாள் நடக்கலாம்? ஏரி எப்போது திறக்கும்? இவ்விரு கேள்விகளோடு மனிதர் காத்திருந்த வரலாறு நெடியது. அது திருச்சபையின் வரலாற்றையும் ஆங்காங்கே தொட்டுச் செல்கிறது. அதனைச் சற்று நோக்குவது நமக்குப் பயன் தரும் எனக் கருதுகிறோம்.

இரு திருச்சபையாளர் தந்த சாட்சி

பனிக்கடியில் மீன்பிடித்தலைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று, உரோமை நகரில் 1555-ஆம் ஆண்டு அச்சேறிய ஓர் இலத்தீன் நூல். வடநாட்டு மக்களின் வரலாற்றை இருபத்திரண்டு பகுதிகளாகக் கூறும் அந்நூலை எழுதியவர் ஒலாவுஸ் மாக்னுஸ் என்னும் சுவீடன் நாட்டுக் குரு. இளமையில் அவர் தம் நாட்டின் வடகோடியிலுள்ள தோர்னியோ வரை பயணம் செய்து, அம்மக்களின் வாழ்க்கையை நேரில் கண்டவர். பின்னர் சுவீடன் அரசு உரோமைத் திருச்சபையினின்று பிரிந்தது. அவர் நாடு திரும்ப இயலாதவரானார். 1544-இல் தம் தமையனார் இறந்தபின் அவருக்கு உப்சாலாவின் பேராயர் பட்டம் வழங்கப்பட்டது. ஆயினும் தம் மறைமாவட்டத்தில் அவர் ஒருநாளும் பணியாற்ற இயலவில்லை. திரெந்து பொதுச்சங்கத்தில் பங்கேற்று, 1557-இல் உரோமையிலேயே உயிர்நீத்தார்.

தென்னாட்டு வெயிலில் அமர்ந்து, தாம் மீண்டும் காணவியலாத பனியை அவர் எழுதினார். உறைந்த ஏரிகளின்மீது நடந்த பயணங்கள், சந்தைகள், போர்கள், மீன்பிடி ஆகியவற்றையெல்லாம் மரச்செதுக்குப் படங்களோடு அவர் பதிவு செய்தார். ஆயர் ஒருவர் தம் மந்தையை அடைய முடியாதபோது, அம்மக்களின் அன்றாட உழைப்பை நினைவில் வைத்து எழுதியதையே தம் மேய்ப்புப் பணியாக ஆக்கிக்கொண்டார் எனலாம்.

இரண்டாவது சாட்சி, அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பாலிலிருந்து வருகிறது. புனித பிரான்சிஸ்குவின் மரபில் வந்த ரெக்கொலெ சபையைச் சேர்ந்த பிரெஞ்சுச் சகோதரர் கபிரியேல் சகார், 1623, 1624-ஆம் ஆண்டுகளில் ஹியூரன் ஏரிப்பகுதியில் ஹியூரன் மக்களோடு வாழ்ந்தார். அவ்விடம் இன்று கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், நம் ஈழத்தமிழர் பலர் குடியேறி வாழும் அதே மாநிலத்தில் உள்ளது. 1632-இல் பாரிசில் வெளியான தம் பயண நூலில், அம்மக்கள் பனிக்கடியில் வலை விரித்த முறையை அவர் விவரித்தார்.

அம்முறை எளியது, ஆனால் நுட்பமானது. பனித்தளத்தில் பெரிய துளை ஒன்றும், அதிலிருந்து வரிசையாகச் சிறு துளைகளும் இடுவர். நீண்ட கழியொன்றில் கயிற்றைக் கட்டிப் பெரிய துளை வழியே உள்ளே செலுத்தி, துளைக்குத் துளை தள்ளிச் செல்வர். கயிறு மறுமுனையை அடைந்ததும் அதை இழுத்தால், பின்னால் வலையும் பனிக்கடியில் விரிந்துகொண்டே வரும். ஒருவரையொருவர் அறியாத இரு கண்டத்து மக்களும் ஏறத்தாழ ஒரே வழியைக் கண்டறிந்தனர் என்பது வியப்புக்குரியது. பசி அனைவர்க்கும் பொதுவான ஆசிரியர் அன்றோ!

அமெரிக்கப் பேரேரிகளின் கரைகளில் வாழ்ந்த ஒஜிப்வே மக்கள் வேறொரு வழியையும் கையாண்டனர். மரத்தில் மீன் உருவம் செதுக்கி நீருக்குள் ஆட்டுவர். தம்மீது போர்வை மூடி ஒளியை மறைத்துக்கொண்டு துளையருகே அசையாது கிடப்பர். மர மீனை நாடி வரும் பெரிய மீனை ஈட்டியால் குத்துவர். இதற்கு வேண்டிய முதற்கருவி ஈட்டியன்று, பொறுமையே.

உறைந்த ஏரியில் மீன் எவ்வாறு உயிர் வாழ்கிறது என்று நாம் கேட்கலாம். பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிர அடர்த்தி மிகுந்துகொண்டே போகும். நன்னீரோ நான்கு பாகை செல்சியசில் மிகுந்த அடர்த்தி அடைந்து, அதற்கும் கீழே குளிர்ந்தால் இலேசாகிறது. எனவே பனிக்கட்டி மேலே மிதக்கிறது. ஆழத்தில் நான்கு பாகை வெப்பமுள்ள நீர் தங்குகிறது. பனிக்கட்டி கனமாயிருந்திருந்தால் அது அடியில் சேர்ந்து சேர்ந்து, ஏரி முழுவதையும் உயிரற்ற கட்டியாக்கியிருக்கும். படைத்தவரின் ஞானம் இத்தகைய சிறு விதியொன்றில் எத்தனை உயிர்களைக் காத்து நிற்கிறது!

தவக்காலத்துப் பனி

வடநாடுகளில் தவக்காலமும் பனி உருகும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. ஆங்கிலத்தில் தவக்காலத்தைக் குறிக்கும் ‘லென்ட்’ என்னும் சொல், இளவேனிலைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்தது. பகற்பொழுது நீள்வதே அதன் வேர்ப்பொருள். இடைக்காலத் திருச்சபையில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் கடுமையாக இருந்தன. தவக்காலம் முழுவதும் இறைச்சி விலக்கு. பல இடங்களில் பாலும் வெண்ணெயும் முட்டையுங்கூட விலக்கு. உணவுக் களஞ்சியம் குறைந்து, புதுவிளைச்சல் தொலைவில் நிற்கும் அந்த வாரங்களில், மீனே ஏழையின் உணவாயிற்று.

ஆனால் அந்த வாரங்களின் பனி நம்பத்தக்கதன்று. இங்கேதான் இவ்வரலாற்றின் மையமான உண்மை இருக்கிறது. குளிர்காலத் தொடக்கத்தில் உருவாகும் தெளிந்த புதுப்பனி, நான்கு அங்குலக் கனம் இருந்தால் நடந்து செல்லும் ஒருவரைத் தாங்கும் என்பது மினசோட்டா மாநிலத்தில் மீன்பிடிப்பவர்க்குச் சொல்லப்படும் அளவு. மார்ச் மாத இறுதியிலோ, ஓரடிக்கு மேற்பட்ட கனம் இருந்தும் அதே பனி உடைந்துவிடக்கூடும். பனிக்கட்டி செங்குத்தான படிகங்கள் நெருங்கி நிற்பதால் ஆனது. இளவேனில் வெயில் உள்ளே ஊடுருவி, படிகங்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களை முதலில் உருக்குகிறது. தனித்தனி மெழுகுதிரிகளை அடுக்கி வைத்தாற்போல் அது நிற்கும். கனம் குறையவில்லை, பிணைப்பு போய்விட்டது. உறவு அற்றுப்போன குடும்பமும், அன்பு அற்றுப்போன பங்குச் சமூகமும் வெளித்தோற்றத்தில் இவ்வாறுதானே நிற்கின்றன!

இன்னொரு சோதனையும் இதனோடு சேர்கிறது. உருகும் நீர் துளைகள் வழியே உள்ளிறங்கி உயிர்வளியைக் கொண்டு செல்கிறது, ஒளியும் மிகுகிறது. குளிரில் சோர்ந்திருந்த மீன்கள் சுறுசுறுப்படைந்து கரையோரம் வந்து இரை தேடுகின்றன. ஆகவே மீன் மிகுதியாகக் கிடைக்கும் நாள்களும் பனி மிகவும் ஏமாற்றும் நாள்களும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ‘இன்னும் ஒரு நாள்’ என்னும் எண்ணமே பலரை இழுத்துச் சென்றிருக்கிறது.

2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தை ஒட்டிய ஈரி ஏரியில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. பனித்தளத்தில் பிளவு ஒன்று இருந்ததை மீன்பிடிக்கச் சென்றோர் கண்டனர்; மரச்சட்டங்களைப் பாலமாக இட்டு அதைக் கடந்தும் சென்றனர். வானிலை மாறி, காற்று வீசியது. பனித்தளம் கரையினின்று பிரிந்து மிதக்கத் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். எச்சரிக்கை அவர்கள் கண்முன்னே இருந்தது. அவர்கள் அதைக் காணாமலில்லை. அதன்மேல் பாலம் இட்டனர்.

கிரேக்க மொழியில் காலத்தைக் குறிக்க இரு சொற்கள் உண்டு. நாள்காட்டியில் ஓடும் காலம் ‘குரோனோஸ்’. தக்க தருணமாக வந்து வாய்க்கும் காலம் ‘கைரோஸ்’. நற்செய்தியில் இயேசு, காலம் நிறைவேறிற்று என்று அறிவித்தபோது ஆளப்பட்ட சொல் இரண்டாவதே. மினசோட்டாவில் பனிமீது இரவும் விட்டுவைக்கும் மீன்பிடிக் குடிசைகளை அகற்ற மார்ச் மாதத்தில் அரசு ஒரு நாளைக் குறிக்கிறது. அது குரோனோஸ். அந்நாளுக்கு முன்னரே, கரையோரம் கறுப்பதையும் காலடியில் ஓசை மாறுவதையும் கவனித்து எழுந்து வரும் முதியவர் அறிந்திருப்பது கைரோஸ்.

குறித்து வைத்தவர்கள்

காத்திருந்தவர்களுள் சிலர் மற்றொன்றும் செய்தனர்: காத்திருப்பு முடிந்த நாளை எழுதி வைத்தனர். ஒலாவுஸ் மாக்னுஸ் கண்ட அதே தோர்னியோவில், 1693-இல் ஒலோப் ஆல்போம் என்னும் வணிகர், ஆற்றுப்பனி உடைந்த நாளைக் குறிக்கத் தொடங்கினார். ஆறு திறந்தால்தான் வாணிகம். வடக்குப் பெரும்போரில் ரஷ்யப் படைகள் வந்தபோது அவர் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. பதிவில் சில ஆண்டுகள் வெற்றிடம் விழுந்தது. திரும்பி வந்தபின் மீண்டும் எழுதினார். அவருக்குப்பின் பிறர் எழுதினர். அத்தொடர் முந்நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மென்டோட்டா ஏரிக்கு 1850-களிலிருந்து பதிவு உண்டு. கரையின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் படகொன்று தடையின்றிச் செல்ல இயலும் நாளே ஏரி திறந்த நாள் என்பது அங்கே வழிவந்த அளவுகோல். அலாஸ்காவின் நெனானா ஊரில், 1917-இல் இருப்புப்பாதைப் பணியாளர்கள் ஆற்றுப்பனி எந்நாள், எந்நேரம் உடையும் என்று பந்தயம் கட்டினர். சூதாட்டத்தை நாம் பாராட்டவில்லை. ஆயினும் அவர்கள் ஆண்டுதோறும் நிமிடக் கணக்கில் குறித்த நேரம் இன்று அறிவியலுக்குப் பயன்படுகிறது.

யப்பானில் சுவா ஏரிக்கு 1443 முதலான பதிவு உள்ளது. ஏரி உறைந்தபின் பனி வெடித்து நீண்ட மேடுகளாக எழும். தெய்வம் ஒன்று தன் துணைவியைக் காண ஏரியைக் கடந்த சுவடு அது என்பது அங்குள்ள ஷின்டோ சமயத்தார் நம்பிக்கை. கோயிற் குருக்கள் தலைமுறை தலைமுறையாக அந்நாளைக் குறித்து வந்தனர். நம் நம்பிக்கை வேறு. எனினும் ஆறு நூற்றாண்டுகளை நெருங்கும் அவர்களது பற்றுறுதியின் முன் நாம் தலைவணங்குகிறோம்.

நம் திருச்சபைக்கும் இத்தகைய ஒரு மரபு உண்டு. செருமனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே பரந்து கிடக்கும் கான்ஸ்டன்ஸ் ஏரி முழுவதும் உறைவது மிக அரிது. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கப்படி, அவ்வாறு உறையும்போது, நற்செய்தியாளர் புனித யோவானின் மார்பளவுச் சுரூபத்தை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பவனியாகக் கொண்டு செல்வர். 1830-இல் செருமனியின் ஹாக்னவ் ஊருக்கு வந்த சுரூபம், 133 ஆண்டுகள் அங்கே காத்திருந்தது. 1963 பிப்ரவரி 12-ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் பனிமீது நடந்து அதைச் சுவிட்சர்லாந்தின் முன்ஸ்டர்லிங்கனுக்குக் கொண்டு சென்றனர். அன்று முதல் அது அங்கேயே இருக்கிறது.

வராத பனி

இப்பதிவுகளை எழுதியவர்கள் எவரும் உலகின் வெப்பத்தை அளக்கக் கருதவில்லை. வணிகர் வாணிகத்திற்காக எழுதினார். குரு வழிபாட்டிற்காக எழுதினார். 2016-இல் அறிவியலாளர் சிலர் சுவா, தோர்னியோ பதிவுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தபோது அவை ஒரே குரலில் பேசின. சுவா ஏரியின் பதிவில் முதல் 250 ஆண்டுகளில் மூன்று ஆண்டுகள் மட்டுமே ஏரி உறையவில்லை. 2005 முதல் 2014 வரையிலான பத்தே ஆண்டுகளில் ஐந்து முறை உறையவில்லை. 2018-க்குப் பின் 2025 வரை பனிமேடு ஒருமுறையும் எழவில்லை. தோர்னியோவில் பனி உடையும் நாள் முன்னோக்கி நகர்ந்துள்ளது. மென்டோட்டாவில் நான்கு மாதங்கள் அளவு நின்ற பனி இன்று மூன்று மாதங்களை ஒட்டியே நிற்கிறது. நெனானாவில் மிக முந்திய உடைவு 2019 ஏப்ரல் 14 அன்று நிகழ்ந்தது.

பனி குறைந்தால் நல்லதுதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் குளிர்நீரை நாடும் மீனினங்கள் குன்றுகின்றன. பனிச்சாலையை நம்பிய தொலைவூர்கள் துண்டிக்கப்படுகின்றன. நிலையற்ற பனியில் தந்தையின் அனுபவம் மகனுக்கு உதவாமற்போகிறது. உருகும் நாளுக்குக் காத்திருந்த மக்கள், உறையும் நாளுக்குக் காத்திருக்கும் நிலை வந்துவிட்டது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் நம் பொது இல்லமாகிய பூமியின் பராமரிப்பைக் குறித்துச் சுற்றுமடல் எழுதியபோது, மாறிவரும் தட்பவெப்பத்தால் முதலில் துன்புறுவோர் ஏழைகளே என்று சுட்டிக்காட்டினார்.

வானத்தின் தோற்றத்தைக் கண்டு மழையையும் வெயிலையும் கணிக்கத் தெரிந்த மக்கள், தாங்கள் வாழும் காலத்தை ஆராயாதது ஏன் என்று ஆண்டவர் கேட்டதை லூக்கா எழுதியுள்ளார். காலத்தின் அறிகுறிகளை ஆய்ந்தறிதல் திருச்சபையின் கடமை என இரண்டாம் வத்திக்கான் சங்கமும் நினைவூட்டியது. ஆய்ந்தறிய, முதலில் ஒருவர் உண்மையாகக் குறித்து வைக்க வேண்டும். தோர்னியோ வணிகர் ஒருவரி எழுதினார். அடுத்த ஆண்டு இன்னொரு வரி. தம் வரிகள் முந்நூறு ஆண்டுகளுக்குப்பின் எதற்குச் சான்றாகும் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. சிறியவற்றில் காட்டும் உண்மையுடைமை என்பது இதுவே.

ஈரி ஏரியில் பிளவைக் கண்டவர்கள் அதன்மேல் சட்டங்களை இட்டு நடந்தனர். இப்பதிவுகளைப் படிக்கும் நம் தலைமுறையும் பிளவைக் கண்டிருக்கிறது. பாலம் இட்டு மேலும் உள்ளே செல்வதா, கரைக்குத் திரும்புவதா என்பதே நம்முன் உள்ள கேள்வி. மனந்திரும்புதல் என்று நற்செய்தி கூறும் சொல்லுக்கு, நடந்த திசையை மாற்றிக்கொள்ளுதல் என்றே பொருள். அதற்கு உரிய காலம், பனி இன்னும் நம்மைத் தாங்கிக்கொண்டிருக்கும் இந்தக் காலமே.