மார்கழிப் புல்

நான் படித்த பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் 'இவேர்' என்றால் உறைபனி, மொட்டை மரம், செத்த புல். பரீட்சையிலும் அப்படியே எழுதினேன். சன்னலுக்கு வெளியே மார்கழிப் புல் பச்சைப்பசேலென்று கிடந்தது!

நம் புதுவையில் கணக்கு தலைகீழ். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின்தான் தோட்டத்துக்கு யோகம். புல் காய்வது சித்திரை, வைகாசியில். 1826-இல் இங்கே தாவரவியல் பூங்கா வைத்த பிரெஞ்சுக்காரர்களும், அதை வளர்த்து 1870-இல் இவ்வூரிலேயே கண்மூடிய தாவரவியலாளர் பெரோத்தேயும் இந்தக் கணக்கை அனுபவத்தில்தான் கற்றிருக்க வேண்டும். பாரதி பூங்காப் பக்கம்தான் பழைய கோட்டை நின்றது. 1761-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துவிட்டார்கள். பிறகு, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் நகருக்குள் வந்தது. அதன் நினைவுதான் ஆயி மண்டபம்.

மார்கழியில் அருகம்புல்லுக்கு வேலை கொஞ்சம்தான். மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். பனி ஈரம் உலர்ந்தபின் வெட்டு. எங்கள் அலுவலகத் தோட்டக்காரர் சொல்லித் தந்தது. புதுப்புல் பதிக்கவும் அதுவே காலம் என்பார்.

ஆனால் பணம் வந்ததோ மாசிக் கடைசியில். மார்ச் 31-க்குள் செலவாக வேண்டும். பதித்தோம், மே மாதம் கருகியது. மறுவருடமும் அப்படியே. இரண்டு முறையும் கோப்பில் குறிப்பெழுதி மேலே அனுப்பியவன் நான்தான்.