மொகல் கப்பற் கம்பனி வழக்கும் ஏகபோகத்தின் சட்ட நியாயமும்

1869ஆம் ஆண்டிலே சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதன் பின்னர், நீராவிக் கப்பல்களின் பெருக்கத்தினாற் கீழைத்தேய வணிகத்திற் கப்பற்கூலி வீழ்ச்சியுற்றது. அவ்வீழ்ச்சியைத் தடுக்கும் பொருட்டுப் பிரித்தானியக் கப்பலுரிமையாளர் தமக்குள் கூட்டுக்களை அமைத்துக்கொண்டனர். சுதந்திரப் போட்டியே முதலாளித்துவத்தின் உயிர்மூச்சு எனப் பொருளியலாளர் போதித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இக்கூட்டுக்கள் தோன்றின என்பது நோக்கற்பாலது. அவற்றுளொன்று நீதிமன்றத்தில் எவ்வாறு எதிர்வாதஞ் செய்தது என்பதை, மக்கிரெகர் கௌ கம்பனியினர்மீதும் ஏனையோர்மீதும் மொகல் நீராவிக் கப்பற் கம்பனி தொடுத்த வழக்குத் துலக்குகின்றது.

சீனத் தேயிலையை இங்கிலாந்துக்கு ஏற்றிச் சென்ற இக்கூட்டினர், ஆறுமாத காலத்திலே தம் கப்பல்களில் மட்டுமே சரக்கேற்றிய வணிகருக்குக் கூலியில் 5 வீதக் கழிவு வழங்கினர். வெளியார் கப்பலில் ஒருமுறை ஏற்றினும் அக்காலத்துக்குரிய கழிவு முழுவதும் பறிபோகும். 1885இல் மொகல் கம்பனியின் கப்பல்கள் ஹாங்கௌ துறைக்குச் சென்றபொழுது, கூட்டினர் தம் கப்பல்களையும் அங்கு அனுப்பிக் கூலியை நட்டம் விளையுமளவுக்குத் தாழ்த்தினர்; மொகல் கம்பனிக்காகப் பணியாற்றும் முகவரை விலக்குவதாகவும் அச்சுறுத்தினர். (வழக்காளிக் கம்பனியும் ஏகபோகத்தின் பகையன்று, கூட்டிலே சேர விழைந்து இடங்கிடையாமற் போனதே அது.)

இது சதி என்றது மொகல் கம்பனி. எதிராளிகள் செய்தவற்றை மறுக்கவில்லை. தம் வணிகத்தைக் காத்து இலாபம் பெறுவதே நோக்கம், பலாத்காரமோ வஞ்சகமோ இல்லை, தனியொரு வணிகன் சட்டப்படி செய்யத்தக்கதைப் பலர் சேர்ந்து செய்தலும் சட்டப்படியானதே என வாதித்தனர். வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறைவேற்றி வையாதுவிடலாம். ஆயின் அதனால் நட்டமுற்ற வெளியாருக்கு வழக்குரிமை பிறவாது என்பது அவ்வாதத்தின் மிக நுண்ணிய பகுதி. போட்டியை ஒழித்தவர் போட்டியின் பெயராலேயே பாதுகாப்புத் தேடினர் எனலாம்.

1888இற் கோல்ரிட்ஜ் பிரபு இவ்வாதத்தை ஏற்றார். மேன்முறையீட்டிலே எஷர் பிரபு மாறுபட்டார். ஆனால் போவென், ஃபிரை ஆகிய இருவரும் எதிராளிகள் பக்கமே நின்றனர். நியாயமான போட்டி எது, நியாயமற்றது எது என வரையறுத்தல் நீதிமன்றத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்றார் ஃபிரை. 1891 டிசெம்பரிற் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது.

இத்தயக்கம் பத்தாண்டு கழிந்ததும் மறைந்துவிட்டது. சங்கத்திற் சேராத தொழிலாளரை வைத்திருந்த லிஸ்பர்ன் இறைச்சி வணிகர் லெதமிடம் பொருள் வாங்கலாகாதென அவருடைய வாடிக்கையாளரைத் தொழிற்சங்கத்தினர் வற்புறுத்தினர். குவின் எதிர் லெதம் வழக்கில், 1901இல், அதே ஹால்ஸ்பரி பிரபு தலைமை தாங்கிய பிரபுக்கள் சபை அச்சங்கத்தினரைச் சதிக்கு உரியோராகக் கண்டு நட்டஈட்டை உறுதிசெய்தது. ஊறு விளைவிக்கும் நோக்கம் நிரூபிக்கப்பட்டமையே வேறுபாடு எனச் சட்ட அறிஞர் விளக்குவர். கப்பலுரிமையாளரின் தன்னலம் வணிக நோக்கமாகவும் தொழிலாளரின் தற்காப்பு வன்மமாகவும் கொள்ளப்பட்டமையை அவ்விளக்கம் தொடுவதில்லை.

தொழிற்சங்கத்தினரை அத்தீர்ப்பினின்று காக்க 1906இன் தொழிற் பிணக்குச் சட்டம் வேண்டியிருந்தது. கப்பற் கூட்டுக்களை விசாரிக்க அதே ஆண்டில் நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழுவின் பெரும்பான்மையோரோ, 1909இல், கழிவு முறையைத் தடைசெய்யுமாறு பரிந்துரைக்கவில்லை.