வேகமும் வெப்பமும்

ஓடுகின்ற காரை நிறுத்தும்போது அதன் வேகம் எங்கே போகிறது? இந்தக் கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கால் பெடலை அழுத்துகிறது, வண்டி நிற்கிறது, அத்தோடு நம் கவலை தீர்ந்துவிடுகிறது. ஆனால் இயற்கையின் கணக்கில் எதுவும் தொலைந்து போவதில்லை. ஓட்டத்தில் இருந்த ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் உராய்வினால் வெப்பமாக மாறிப் பிரேக்கில் வந்து சேருகிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரே மூச்சில் நிற்குமானால், அப்போது பிறக்கும் வெப்பம் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வேகம் 140 ஆனால் அந்த வெப்பம் ஏறத்தாழ இருமடங்காகிவிடும். வேகம் இரட்டித்தாலோ, வெப்பம் நான்கு மடங்கு.

ஆகவே மோட்டார் காரின் வரலாற்றில் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று, வேகத்தைப் பெருக்கிய கதை. மற்றொன்று, வெப்பத்தை வெளியேற்றிய கதை. முன்னது எப்போதும் முந்திச் சென்றது. பின்னது, ஆபத்தை உணர்ந்த பிறகே அதனைத் தொடர்ந்து வந்தது.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில், இறக்கத்தில் வரும் குதிரை வண்டிகளைக் கண்ட ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், 1897-ஆம் ஆண்டில் பிரேக்குக்கு ஏற்ற உராய்வுப் பொருளைச் செய்யத் தொடங்கினார். பின்னர் கல்நார் கலந்த லைனிங்குகள் வந்தன. அவை வெப்பத்தைத் தாங்கின. அவற்றின் தூள் நுரையீரலுக்கு நஞ்சு என்பதை உலகம் பிற்காலத்தில்தான் உணர்ந்தது.

அக்காலக் கார்களில் டிரம் பிரேக்கே வழக்கம். சக்கரத்தோடு சுழலும் ஓர் இரும்புக் கிண்ணம். அதன் உட்சுவரை அழுத்தும் இரண்டு ஷூக்கள். எளிய அமைப்புத்தான். ஆயினும் வெப்பம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். சூடேறிய டிரம் விரிந்து, ஷூவை விட்டு விலகும். பெடல் மேலும் மேலும் கீழே இறங்கும். லைனிங்கும் தன் பிடிப்பை இழக்கும். எந்த நேரத்தில் பிரேக் மிகவும் தேவையோ, அந்த நேரத்தில் அது கைவிடும். இக்குறையைப் போக்கப் பலர் முயன்றனர். 1924-இல் வந்த புகாட்டி டைப் 35 பந்தயக் காரில், அலுமினியச் சக்கரமும் டிரம்மும் ஒன்றாக வார்க்கப்பட்டிருந்தன. அலுமினியம் வெப்பத்தை விரைவாகக் கடத்தி வெளிக்காற்றில் விடும் என்பதே அதன் பயன்.

உண்மையான விடை வேறிடத்தில் இருந்தது. ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1902-ஆம் ஆண்டிலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். திறந்தவெளியில் சுழலும் ஒரு தட்டு; அதனை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பேடுகள். தட்டு சூடானாலும் பேடுகளை விட்டு விலகுவதில்லை. வீசும் காற்றே அதனைக் குளிர்விக்கிறது. எனினும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இக்கருத்து கார்களில் பரவவில்லை. முதலில் விமானங்களுக்குப் பயன்பட்டு, பிறகு ஜாகுவார் நிறுவனமும் டன்லப் நிறுவனமும் சேர்ந்து செய்த முயற்சியால் பந்தயக் களத்துக்கு வந்தது. 1953-இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார்கள் முதல் இரண்டு இடங்களையும் பெற்றன. வென்ற காரின் சராசரி வேகம் மணிக்கு 170 கிலோமீட்டர் அளவில் இருந்தது. நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் மற்றவர்களைவிடத் தாமதித்துப் பிரேக் பிடிக்க அவர்களால் முடிந்தது. 1955-இல் மெர்சிடிஸ் நிறுவனம் தன் டிரம் பிரேக்குகளின் சுமையைக் குறைக்க, காரின் பின்புறத்தில் காற்றை எதிர்த்து நிமிரும் ஒரு பெரிய பலகையையே பொருத்தியது என்றால், வெப்பம் எவ்வளவு பெரிய சிக்கல் என்பதை நாம் உணரலாம்.

இனி டர்போவுக்கு வருவோம். வீணாகும் புகையைக் கொண்டு ஒரு சுழலியை ஓட்டி, அதனால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் இக்கருத்துக்கு ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். பொதுமக்கள் வாங்கும் கார்களில் அது 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வந்தது. அவ்வாண்டின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் 215 குதிரைத்திறன் கொண்டது. ஆனால் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே! வேகம் முந்திவிட்டது; வெப்பத்தின் கணக்கு பின்தங்கிவிட்டது.

பாடம் கற்றவர்களும் உண்டு. பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் 2002 என்னும் காரின் எஞ்சின் 100 குதிரைத்திறன் தந்தது. 1973-இல் அதற்கே டர்போ பொருத்தி 170 ஆக உயர்த்தியபோது, முன் சக்கரங்களுக்கு உள்ளே காற்றுப் புகும் டிஸ்க்குகளையும் சேர்த்தே கொடுத்தனர். போர்ஷே 911 டர்போ 1975-இல் வந்தது. 1978-இல் எஞ்சின் பெரிதானபோது, 917 பந்தயக் காரின் வழிவந்த, துளையிட்ட பெரிய டிஸ்க்குகளும் உடன் வந்தன. ஆற்றலைக் கூட்டினால் குளிர்ச்சியையும் கூட்ட வேண்டும் என்பதே இவ்விரண்டும் உணர்த்தும் நெறி.

பழைய காருக்கு டர்போ பொருத்த விரும்பும் அன்பர்கள் இந்நெறியைத் தலைமேற் கொள்ள வேண்டும். நம் நாட்டுச் சாலைகளில் 2014 வரை தயாரான அம்பாசடர் கார், நெடுங்காலம் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குடனேயே ஓடியது. அத்தகைய வண்டியில் எஞ்சினை மட்டும் வலுப்படுத்துவது, வீட்டுக்கு மாடி எழுப்பி அடித்தளத்தை மறப்பதற்கு ஒப்பாகும்.

செய்ய வேண்டியவை சில. முன்புறம் வைக்கும் இன்டர்கூலர், பிரேக்குக்குச் செல்லும் காற்றை மறைக்கலாம். ஆகவே தனிக் குழாய் வழியே காற்றைக் கொண்டு சேர்க்க வேண்டும். உட்புறம் குடையப்பட்ட டிஸ்க், நடுவில் காற்றை இழுத்து விளிம்பில் வீசுகிறது; எனவே குழாயின் வாய் டிஸ்க்கின் மையத்தை நோக்க வேண்டும். ஒரு முகத்தை மட்டும் குளிர்வித்தால் டிஸ்க் கோணும். டர்போவின் சூடு பிரேக் குழாய்களையும் மாஸ்டர் சிலிண்டரையும் தாக்காதவாறு தடுப்புத் தகடு தேவை. பிரேக் ஆயில் கொதித்தால் குமிழிகள் உண்டாகிப் பெடல் வெறுமனே அமுங்கும். புதிய டாட் 4 வகையின் கொதிநிலை குறைந்தது 230 பாகை. ஈரம் ஏறிய பின் 155 வரை இறங்கலாம். எனவே அதனைக் காலந்தோறும் மாற்ற வேண்டும். சூடேறிய பிரேக்கில் தண்ணீர் ஊற்றுவது தவறு. சிறிது தூரம் மெல்ல ஓட்டிக் காற்றில் ஆறவிடுவதே முறை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவு பெற்ற வண்டியை நம் விருப்பப்படி மாற்றக் கட்டுப்பாடு விதிக்கிறது. பணம் செலவிடும் முன்பே பதிவு அலுவலகத்தில் கேட்டறிவது நலம்.

பெங்களூரிலிருந்து பண்டிகைக்கு ஊர் திரும்பும் நம்மவர்கள் தொப்பூர்க் கணவாயின் நீண்ட இறக்கத்தை அறிவார்கள். அங்கே பிரேக்கை இடைவிடாது மிதித்து வருபவரைவிடத் தாழ்ந்த கியரில் இறங்குபவரே பத்திரமாக வீடு சேர்வார். குடும்பம் பின்னிருக்கையில் இருக்கிறது. எதிர்பார்ப்பவர்கள் வாசலில் நிற்கிறார்கள். காரின் திறமை அது எட்டும் வேகத்தில் மட்டும் இல்லை. வேண்டிய இடத்தில், பத்தாவது முறையும், முதல் முறையைப் போலவே நிற்பதிலும் இருக்கிறது.