ஐந்தடி ஒன்பது அங்குலம்: 1981இல் யாரும் எடுக்காத லைன்பெக்கர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் பாடசாலை அணிக்கு ஆள் தெரிவு செய்தோம். ஒரு பொடியனைப் பார்த்த உடனேயே, ஓடவிட்டுப் பார்க்காமலே, "மகன், நீங்க அடுத்த வருஷம் வாங்க" என்று அனுப்பிவிட்டேன். ஆள் கட்டை, அவ்வளவுதான் காரணம். வீட்டுக்கு வந்த பிறகு மனது சரியில்லை. அப்போதுதான் நான் பல வருடமாக வாசித்து வைத்திருந்த ஒரு மனிதரின் கதை ஞாபகத்துக்கு வந்தது. அவரும் ஒரு காலத்தில் ஆசிரியர். பெயர் சாம் மில்ஸ்.

விளையாட்டு அமெரிக்க உதைபந்தாட்டம். நாங்கள் பார்க்கும் உதைபந்தாட்டம் அல்ல. றக்பியை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பந்தை முன்னுக்கும் எறியலாம். ஒரு பக்கம் 11 பேர். தடுக்கும் அணியில் மலை போன்ற ஆட்கள் முன்வரிசையில் குனிந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்பவர்கள்தான் லைன்பெக்கர்கள். பந்தை வைத்து ஓடுபவனை வீழ்த்துவது, எறியும் பந்துக்குப் பின்வாங்கிக் காவல் நிற்பது, எதிரணி என்ன செய்யப்போகிறது என்பதை அது தொடங்கும் முன்பே கண்டுபிடிப்பது என எல்லாம் அவர்கள் தலையில்தான். நடு லைன்பெக்கர் என்றால் தடுப்பணியின் தலைவன் மாதிரி.

பல்கலைக்கழகங்களில் விளையாடும் பிள்ளைகளைத் தொழில்முறை அணிகள் பங்கிட்டு எடுக்கும் முறைக்குப் பெயர் ட்ராப்ட். 1936 பெப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் ஆரம்பமானது. யோசனை பேர்ட் பெல் என்பவருடையது. அவரே பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் சொந்தக்காரர். கடைசி இடத்தில் வந்த அணிக்கு முதல் தெரிவு என்பது விதி. (முந்திய வருடம் கடைசியாக வந்தது அவருடைய அணிதான் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்!) அன்று 9 சுற்றுகளில் 81 பேர் தெரிவானார்கள். முதலாவதாக எடுக்கப்பட்ட ஜே பேர்வாங்கர் தொழில்முறையில் ஒரு போட்டிகூட விளையாடவில்லை. ஆளைச் சரியாகப் பார்த்து எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு முதல் நாளே சாட்சி.

பிறகு ஆள் பார்ப்பது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. உயரம், நிறை, 40 யார் தூரத்தை எத்தனை செக்கனில் ஓடுகிறான், எந்தத் தரத்துக் கல்லூரி என்று எல்லாவற்றையும் பட்டியல் போட்டார்கள். இவை முட்டாள்தனமான அளவுகோல்கள் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆறடி நாலங்குலத்தில் நிற்கும் ஆட்களுக்குப் பின்னால் நின்று பந்தைப் பார்க்க உயரம் வேண்டும். அவர்களை உதறித் தள்ள நீண்ட கை வேண்டும். கட்டையான ஆட்கள் பலர் தோற்றுத்தான் போனார்கள்.

1981 ட்ராப்டுக்கு வருவோம். லைன்பெக்கர்களைப் பொறுத்தவரை அப்படி ஒரு வருடம் அபூர்வம். இரண்டாவது ஆளாக லோரன்ஸ் டெய்லரை நியூ யோர்க் ஜயன்ட்ஸ் எடுத்தது. 38ஆவதாக மைக் சிங்கிள்டரி சிக்காகோவுக்குப் போனார். 51ஆவதாக ரிக்கி ஜக்சனை நியூ ஒர்லியன்ஸ் செயின்ட்ஸ் எடுத்தது. மூவருமே பிற்காலத்தில் ஹோல் ஒப் பேம் என்ற கௌரவ மண்டபத்தில் இடம்பிடித்தவர்கள். ட்ராப்ட் 12 சுற்றுகள் நடந்து முடிந்தது. முன்னூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் வாசிக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் சாம் மில்ஸ் இல்லை.

அவர் நியூ ஜேர்சியைச் சேர்ந்தவர், மொன்ட்கிளேயர் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் விளையாடியவர். அது மூன்றாம் பிரிவு. அங்கே விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கிடையாது. கல்லூரியின் டெக்கிள் சாதனைகளை அவர் தன் பெயருக்கு மாற்றியிருந்தார். ஆனால் "யாருக்கு எதிராக எடுத்த சாதனை?" என்ற கேள்வி வந்தது. அதற்கு மேல் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். அந்தக் காலத் தெரிவாளர்களுக்கு இரண்டாவது பக்கத்தைப் புரட்டவே தேவைப்படவில்லை.

ட்ராப்டுக்கு வெளியே கிளீவ்லண்ட் பிரவுண்ஸ் அவரைப் பயிற்சிக்கு அழைத்து, பிறகு விலக்கியது. அடுத்த வருடம் கனடாவின் டொரண்டோ ஆர்கோனட்ஸும் அதையே செய்தது. ஊருக்குத் திரும்பி ஈஸ்ட் ஒரேஞ்ச் பாடசாலையில் மரவேலையும் புகைப்படக்கலையும் படிப்பித்தார்; பொடியன்மாருக்கு உதைபந்தாட்டமும் பழக்கினார். கதை இந்த இடத்தில் முடிந்திருக்கலாம். எத்தனை பேருடைய கதை இந்த இடத்திலேயே முடிந்துபோகிறது!

1983இல் யூ.எஸ்.எப்.எல். என்ற புதிய லீக் தொடங்கியது. பிலடெல்பியா ஸ்டார்ஸ் அணிக்கு மில்ஸைச் சிபாரிசு செய்தவர் யார் தெரியுமா? அவரை விலக்கிய பிரவுண்ஸ் அணியின் பயிற்றுவிப்பாளர் சாம் ருட்டிக்லியானோ. தன் அளவுகோல் சொன்னதையும் தன் கண் கண்டதையும் அவர் வேறு வேறாக வைத்திருந்தார். நான் இந்தக் கதையில் அதிகம் மதிப்பது இவரைத்தான். விலக்கியவன் பேசாமல் இருப்பதுதான் வழமை.

ஸ்டார்ஸின் பயிற்றுவிப்பாளர் ஜிம் மோராவுக்கும் முதலில் அந்த உயரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் பயிற்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முன்வரிசை ஆட்கள் எந்தப் பக்கம் முதல் அடி வைக்கிறார்கள் என்பதை வைத்தே மில்ஸ் பந்து போகும் திசையைக் கண்டுபிடித்து அங்கே போய் நின்றார். தடுக்க வரும் பெரிய ஆட்களின் நெஞ்சுக்குக் கீழே புகுந்து அவர்களைத் தூக்கி எறிந்தார். குறை என்று எழுதப்பட்ட உயரம் அந்த இடத்தில் அவருக்கு ஆயுதமாக இருந்தது. மூன்று பருவங்களிலும் அணி இறுதிப்போட்டிக்குப் போனது. 1984, 1985 இரண்டிலும் வென்றது.

லீக் மட்டும் பிழைக்கவில்லை. என்.எப்.எல்.லுக்கு எதிராக வழக்குப் போட்டு 1986இல் வென்றார்கள். நட்டஈடு ஒரு டொலர், சட்டப்படி மும்மடங்காக்கி மூன்று டொலர். சிரிப்பதா அழுவதா!

மோரா நியூ ஒர்லியன்ஸ் செயின்ட்ஸுக்குப் போகும்போது மில்ஸையும் கூட்டிப்போனார். 1967இல் தொடங்கிய அந்த அணி ஒரு பருவத்திலாவது தோல்வியை விட அதிக வெற்றி கண்டதில்லை. 1987இல் 12 வெற்றி, 3 தோல்வி. ரிக்கி ஜக்சன், போன் ஜோன்சன், பெட் ஸ்விலிங், மில்ஸ் என்ற நால்வருக்கும் 'டோம் பெட்ரோல்' என்று பெயர் வைத்தார்கள். 1992 பருவத்தில் நால்வருமே நட்சத்திரப் போட்டியான ப்ரோ போலுக்குத் தெரிவானார்கள். 51ஆவதாக எடுக்கப்பட்ட ஜக்சனின் பக்கத்தில், யாருமே எடுக்காத மில்ஸ் 51ஆம் இலக்கச் சட்டையோடு நின்றார்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1988 ட்ராப்டில் முதலாவது ஆளாக அட்லாண்டா எடுத்தது ஓர்ண்ட்ரே புரூஸ் என்ற லைன்பெக்கரை. உயரம் ஆறடி ஐந்தங்குலம். அளவுகோல் கேட்ட எல்லாம் இருந்தது. ஒரு தடவைகூட ப்ரோ போலுக்குத் தெரிவாகவில்லை. மில்ஸ் ஐந்து தடவை போனார்.

அணிகள் இதிலிருந்து பாடம் படித்தனவா? அரைகுறையாகத்தான். 1996இல் ஐந்தடி பதினோரு அங்குல ஸெக் தோமஸை 153 பேருக்குப் பிறகுதான் மயாமி எடுத்தது. 1998இல் இன்னொரு மூன்றாம் பிரிவுக் கல்லூரியிலிருந்து வந்த லண்டன் பிளெச்சரை யாருமே எடுக்கவில்லை. அவர் ஒரு போட்டியையும் தவறவிடாமல் தொடர்ந்து 256 போட்டிகள் விளையாடினார்.

1995இல் 36 வயதில் மில்ஸ் புதிய அணியான கரோலினா பெந்தர்ஸுக்குப் போனார். முதல் ஐந்து போட்டியும் தோல்வி. ஆறாவதில் எதிரணி எறிந்த பந்தைப் பறித்து 36 யார் ஓடிப் புள்ளி எடுத்தார். அணியின் முதல் வெற்றி அன்றுதான். ஓய்வுக்குப் பிறகு அதே அணியில் லைன்பெக்கர்களுக்குப் பயிற்றுவிப்பாளர். 2003 ஓகஸ்டில் குடல் புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். சிகிச்சைக்கு நடுவிலும் மைதானத்துக்கு வந்தார். அந்தப் பருவத்தில் அணி சுப்பர் போல் வரை போய் மூன்று புள்ளிகளால் தோற்றது. 2005 ஏப்ரல் 18, அவருடைய 45ஆவது வயதில் காலமானார்.

ஹோல் ஒப் பேம் தெரிவுக்குழு அவருடைய பெயரை வருடா வருடம் தள்ளிக்கொண்டே வந்தது. 2022இல், அந்தப் பட்டியலில் அவருக்குரிய இருபதாவதும் கடைசியுமான வருடத்தில்தான் உள்ளே எடுத்தார்கள். மேடையில் அவருக்காகப் பேசியவர் மனைவி மெலனி.

அந்தப் பொடியனின் வாப்பாவுக்கு நேற்று கோல் எடுத்தேன். திங்கட்கிழமை பின்னேரம் மகனை மைதானத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.